விதானையார் முதல் பொறுப்பதிகாரி வரை



வவுனியா மாவட்டத்தின் வடகோடியிலே, புளியங்குளத்திலிருந்து முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் பாதையில், நெடுங்கேணி என்னும் ஊர் அமைந்திருக்கின்றது. அவ்வூரிலும் அதன் அயற்கிராமங்களிலும் கிராம அலுவலரை முதியோர் இன்றும் 'விதானையார்' என்றே அழைப்பர். அரசாங்கம் அப்பதவியின் பெயரைப் பலமுறை மாற்றிவிட்டது. மக்கள் நாவு மாறவில்லை. விதானை என்பது சிங்களத்திலும் தமிழிலும் ஒருசேர வழங்கிய சொல். அதற்கு நேர்மாறாக, நாம் நாடோறும் வழங்கும் 'பொலிஸ்' என்ற சொல்லோ ஐரோப்பியர் வாயிலாக வந்தது. அதன் வேரைத் தேடிச் சென்றால் கிரேக்க மொழியிலே நகரத்தைக் குறிக்கும் 'பொலிஸ்' என்ற சொல்லிற் சென்று முடியும். சொல் நகரத்தினுடையது, இலங்கையில் அந்த அமைப்பும் நெடுங்காலம் நகரத்தினதாகவே இருந்தது. காட்டு நாடாகிய வன்னிக்குக் காவல் வேறு வழியாக வந்தது.

அந்த வழியை இன்று ஆராய விரும்புகின்றேன். ஊரின் அமைதியைக் காக்கும் தலைவர் அப்பதவிக்கு எவ்வாறு வந்தார், அதற்கு மேலே எவர் தயவினால் ஏறுவார் என்னும் இரண்டையும் அறிந்துகொண்டால், இக்கட்டான வேளையில் அவர் எவர் பக்கம் நிற்பார் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். இது வன்னியின் வரலாறு எனக்குக் கற்பித்த பாடம்.

ஒல்லாந்தர் காலத்து வன்னி, பனங்காமம், முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, மேல்பற்று, தென்னமரவடி எனப் பற்றுகளாகப் பிரிந்திருந்தது. பற்றுகளை ஆண்ட வன்னியர் ஒல்லாந்தக் கம்பனிக்கு ஆண்டுதோறும் யானைகளைத் திறையாகக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். தத்தம் பற்றில் வரி வாங்குவோரும், வழக்குத் தீர்ப்போரும், கள்வரைப் பிடிப்போரும் அவர்களே. பதவி பிறப்பால் வந்தது. ஆகவே அவர்களுக்கு ஏறுவதற்கு மேற்படி என ஒன்றிருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்த கொமாண்டரின் அழைப்பை மதியாது, பனங்காமத்துக் கயிலாய வன்னியன் பல்லாண்டுகள் அங்கே செல்லாமலே இருந்துவிட்டதை 1697ஆம் ஆண்டில் சுவார்டக்குரூன் என்ற ஒல்லாந்த அதிகாரி தம் குறிப்பேட்டிலே மனக்கசப்போடு எழுதியுள்ளார். மேலதிகாரியின் தயவு வேண்டாதவனுடைய துணிவு அது. ஆனால் அதன் மறுபுறத்தையும் மறத்தலாகாது. அத்தகையவன் தன் குடிகளுக்கு அநீதி இழைப்பானாயின், அவன்மீது முறையிடுவதற்கு ஓர் இடமும் இருக்கவில்லை.

தமிழகத்துப் பாளையக்காரர் வரலாறும் இதற்கு நெருங்கியதே. ஊர்களைக் காப்பதற்கென்று காவற்பணம் வாங்கிய அவர்கள் வலிமை 1801ஆம் ஆண்டுப் போரோடு ஒடுங்கியது. இங்கே பண்டார வன்னியன் 1803ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையிலிருந்து ஆங்கிலேயரை விரட்டினான். அதே ஆண்டு ஒக்தோபர் 31ஆம் நாள், நெடுங்கேணிக்கு வடக்கே ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோல்வியுற்றான். அப்போரைப் பற்றிய கதைகளும் நாடகங்களும் நம்மவர்க்கு நன்கு தெரிந்தவை; ஆதலின் அதனை விரிக்கவில்லை. போருக்கு மறுநாள் வன்னியிலே காவலுக்கு எவர் இருந்தார் என்ற வினாவையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆங்கிலேயர் கண்ட விடை சிக்கனமானது. பரந்த காடு, சிதறிய குளங்கள், குளத்துக்கு ஒரு சிற்றூர், மலேரியாக் காய்ச்சல். இங்கே சம்பளக் காவலரை நிறுத்துவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாத காரியம். எனவே உள்ளூர்த் தலைமைக்காரரைக் கொண்டே காரியத்தை நடத்தினர். கிராமத்துக்கு ஒரு விதானை. சில கிராமங்கள் சேர்ந்த பற்றுக்கு உடையார். அதற்கும் மேலே பெரும் பிரிவுக்கு மணியகாரர், சில இடங்களில் முதலியார் அல்லது அதிகாரி. அவர்க்கு மேலே கச்சேரியிலே வெள்ளைக்காரத் துரை. சென்னை மாகாணத்திலும் 1816ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியால் ஊர்த் தலைவரே ஊர்ப் பொலிசுக்கும் தலைவரானார். குறைந்த செலவில் நாடாள்வோர் எங்கும் இந்த வழியையே நாடினர் போலும்.

இதே காலத்தில் நகரங்களில் வேறொன்று வளர்ந்துகொண்டிருந்தது. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. 1866ஆம் ஆண்டு செப்தெம்பர் 3ஆம் நாள், பம்பாய் மாகாணத்து இரத்தினகிரியில் காவற்படை நடத்திய கம்பெல் என்பார் இலங்கைப் பொலிசுக்குத் தலைமை ஏற்றார். மறு ஆண்டில் முதலாவது பொலிஸ் மா அதிபரானார். பொலிஸ் தினம் அந்நாளிலேயே கொண்டாடப்படுகின்றது. ஆயினும் கம்பெலின் காவலர் கொழும்பிலும் கண்டியிலும் துறைமுகப் பட்டினங்களிலும் நின்றனர். நெடுங்கேணியிலே ஒருவன் மாடு களவு போனால், அவன் சென்று நின்ற படலை விதானையாருடைய படலையே.

விதானையாராவது எப்படி? பரீட்சை கிடையாது. நிலபுலம் இருக்கவேண்டும், குடும்பம் 'நல்ல குடும்பம்' என்று மேலிடத்தார் எண்ணவேண்டும். அந்த எண்ணத்திலே சாதிக்குப் பெரும் பங்கு இருந்தது என்பதை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். உடையார் பரிந்துரைப்பார், மணியகாரர் அதனை ஒப்புவார், கச்சேரி நியமனப் பத்திரம் வழங்கும். தந்தைக்குப் பின் மகனோ மருமகனோ அவ்விடத்தைப் பெறுவது வழக்கமாயிற்று. சட்டப்படி அது பரம்பரைப் பதவியன்று. நடைமுறையில் அதற்கு மிக அண்மையிலே நின்றது.

கிடைத்ததோ கைப்பிரம்பும் பத்திரமுந்தான். ஒழுங்கான சம்பளம் நெடுங்காலம் இல்லை. வேலைக்கோ குறைவில்லை. களவு, அடிதடி, கொலை நிகழ்ந்தால் ஆளைப் பிடித்துக் கோட்டுக்கு அனுப்பவேண்டும். 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைக் கோவை, பொலிஸ் கடமைக்கென எழுத்தில் நியமிக்கப்பட்ட தலைமைக்காரரைச் 'சமாதான உத்தியோகத்தர்' என்று பொலிசாரோடு ஒரே வரிசையில் வைத்தது. மாடு விற்பவனுக்கு அந்த மாடு அவனுடையதே என்று எழுதிக் கொடுக்கவேண்டும். துவக்கு வைத்திருப்போர் கணக்கும், பிறப்பு இறப்புச் செய்திகளும், தொற்றுநோய் கண்ட வீட்டின் விபரமும் அவர் வழியாகவே மேலே சென்றன. 1892ஆம் ஆண்டில் ஒழிக்கப்படும்வரை நெல்வரித் தண்டலிலும் தலைமைக்காரருக்குப் பங்கிருந்தது. திடீர் மரணம் நேர்ந்தால் விசாரிப்பது பல இடங்களில் உடையாரின் பொறுப்பு. துரை சுற்றுலா வருகின்றாரென்றால் கூடாரத்துக்கு இடம் துப்புரவாக்குவதும், பாலும் கோழியும் விறகும் சேர்ப்பதும் அவரே.

இவ்வளவையும் ஒருவர் ஏன் விரும்பி ஏற்றார்? அதிகாரமும் மதிப்பும் என்று சொல்லிவிடலாம். வன்னிக்கு அந்த விடை போதாது. காடு முழுவதும் முடிக்குரியது என்று 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கொண்டது. புனம் வெட்டிக் குரக்கன் விதைக்க விரும்பும் ஏழைக்கு அனுமதி தேவை. அனுமதியின்றி வெட்டியவனைக் காட்டிக்கொடுக்கும் கடமை தலைமைக்காரருடையது. ஆகவே அந்த ஆண்டில் ஒரு குடும்பம் உண்ணுமா என்பது விதானையார் காட்டைப் பார்ப்பதையும் பாராதிருப்பதையும் பொறுத்தது. தேனும் நெய்யும் மான் வற்றலும் அவர் வீட்டைத் தேடி வந்ததன் காரணம் இப்போது விளங்கும். சம்பளம் கொடாத அரசாங்கம் அச்சம்பளத்தைக் குடிகளிடமிருந்து வாங்கிக்கொள்ளும்படி விட்டது என்று சொன்னால், அது மிகையாகாது.

மேலே ஏறும் வழியும் அப்படியே. நல்ல விதானை உடையாராகலாம். நல்ல உடையார் மணியகாரராகலாம். மணியகாரர், துரையின் மனம் மகிழ நடந்தால், முதலியார் பட்டத்தையும் வாசல் முதலியார் பட்டத்தையும் பெறலாம். யார் 'நல்லவர்'? வழக்குகள் குறைந்த ஊரின் விதானையா, வழக்குகளைப் பிடித்துக் கொடுத்த விதானையா? கச்சேரியின் கணக்கில் இரண்டும் மாறி மாறி வந்தன. குடிகளின் கருத்து எந்தப் படியிலும் கேட்கப்படவில்லை.

லெனாட் வூல்வ் என்ற ஆங்கிலேயர் 1905ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்திலும், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையிலும் உத்தியோகம் பார்த்தவர். நாடு திரும்பிய பின், 1913ஆம் ஆண்டில், காட்டூர் ஒன்றைப் பற்றி அவர் நாவல் ஒன்று எழுதினார். அதில் வரும் தலைமைக்காரன் ஒரு துப்பாக்கிக்காரனையும் ஒரு கொலைவாளையும் வேண்டாமலே ஒரு குடும்பத்தை அழித்துவிடுகின்றான். புனத்துக்கான அனுமதியும் ஒரு பொய்க் களவு வழக்குமே அவனுக்குப் போதுமானவை. கதை தென்னிலங்கையில் நிகழ்வது. வன்னியை அறிந்தவர்கள் அந்த ஊரைத் தம் ஊராகவே வாசிக்கலாம்.

ஆயினும் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துதல் நேர்மையன்று. விதானையார் ஊரை அறிவார். எவன் மாட்டுக்கு எந்தக் குறி, எந்த வேலியில் எத்தனை தலைமுறைப் பகை, எவன் குடித்தால் மட்டும் கத்தி எடுப்பான், எவன் குடியாமலே எடுப்பான் என்பனவெல்லாம் அவர் கைமேற் கிடந்தன. கோட்டுக்குப் போகவேண்டிய பிணக்குகள் பல அவர் திண்ணையிலே வெற்றிலைத் தட்டத்தோடு முடிந்தன. முறையிட வந்தவன் தன் மொழியிலே, தன் ஊர்ப் பேச்சிலே, தயங்காது சொன்னான். கேட்டவரும் அப்படியே கேட்டார். இந்த ஒன்றின் அருமை அது போன பின்னரே தெரிந்தது.

இருபதாம் நூற்றாண்டிலே பொலிஸ் கிராமத்தை நோக்கி நகரத் தொடங்கியது. 1913 முதல் 1937 வரை பொலிஸ் மா அதிபராயிருந்த சேர் ஹேர்பேட் டௌபிகின், நாட்டுப்புறங்களிலும் நிலையங்களைப் பெருக்கினார். அவருடைய புகழ் கடல் கடந்தது. 1930ஆம் ஆண்டில் பாலஸ்தீனத்துப் பொலிசைச் சீர்திருத்த ஆலோசனை கூறவும் பிரித்தானிய அரசு அவரையே அனுப்பியது. 1935ஆம் ஆண்டில் தலைமைக்காரர் முறையை ஆராய்ந்த ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1938 முதலாக மணியகாரர் முதலிய பெருந்தலைமைக்காரரின் இடத்துக்குப் பரீட்சையிலே தேறிய, இடமாற்றத்துக்கு உட்பட்ட காரியாதிகாரிகள் படிப்படியாக வந்தனர். 1963ஆம் ஆண்டில் கிராமத் தலைமைக்காரர் பதவியும் போயிற்று. போட்டிப் பரீட்சை எழுதிய கிராம சேவகர் வந்தார். தமிழகத்திலே கிராம முன்சீபும் கர்ணமும் 1980ஆம் ஆண்டு நவம்பர் வரை நிலைத்தனர் என்பதையும் ஒப்புநோக்கலாம். குடும்பத்தால் ஏறிய ஏணி போய்ப் பரீட்சையால் ஏறும் ஏணி வந்தது. இதனை நான் முன்னேற்றம் என்றே கருதுகின்றேன். எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவ்வேணி திறந்த கதவுகளைப் பாடசாலையிலே பணியாற்றுவோர் நேரிலே காண்பவர்கள்.

காவற் பொறுப்போ மெல்ல மெல்லப் பொலிஸ் நிலையத்துக்குச் சென்றது. நிலையத்தின் தலைவர் பொறுப்பதிகாரி. அவர் ஏறும் ஏணி நெடியது. கான்ஸ்டபிள், சார்ஜன்ட், உப பரிசோதகர், பரிசோதகர், பிரதான பரிசோதகர் என்பன கீழ்ப்படிகள். உதவி அத்தியட்சர் முதல் மா அதிபர் வரை மேற்படிகள். இந்த ஏணிக்குக் கீழிருந்து மட்டுமன்றி நடுவிலும் வாயில்கள் உண்டு. உப பரிசோதகராகவோ உதவி அத்தியட்சராகவோ நேரே நுழைபவர், பத்து ஆண்டு வெயிலில் நின்ற கான்ஸ்டபிளுக்கு முதல் நாளிலேயே மேலதிகாரியாகின்றார். 1947ஆம் ஆண்டில் இலங்கையரான முதலாவது பொலிஸ் மா அதிபராக வந்த சேர் றிச்சட் அலுவிகாரை சிவில் சேவையிலிருந்து வந்தவர். பொலிஸ் சேவையிலேயே வளர்ந்த இலங்கையர் ஒருவர் தலைமையை அடைந்தது 1955ஆம் ஆண்டில். அவர் ஒஸ்மன்ட் டி சில்வா. 1959ஆம் ஆண்டில், சட்டத்துக்கு உடன்பாடற்றது எனத் தாம் கருதிய பணிப்பொன்றை ஏற்க மறுத்தமையால் அவர் ஓய்விலே அனுப்பப்பட்டார். சிவில் சேவையாளர் ஒருவர் அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார். ஏணியின் உச்சியை அடைந்தவரும் ஏணியைப் பிடித்திருப்போரின் கையை மறந்துவிட முடியாது என்பதை அடுத்து வந்த அதிகாரிகள் கண்டுகொண்டனர்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1982 முதல் 1985 வரை பொலிஸ் மா அதிபராயிருந்தவர் உருத்திரா இராஜசிங்கம் என்னும் தமிழர். 1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் அந்த ஆண்டுகளின் நடுவிலே வருகின்றது. கொழும்பிலே தமிழர் வீடுகள் எரிந்தபோது நாட்டின் பொலிஸ் தலைவர் தமிழரே. தனியொருவர் தகுதியால் உச்சிக்கு ஏறுவதும், அவரைப் போன்ற எளியோர் தெருவிலே பாதுகாப்புப் பெறுவதும் ஒன்றாகிவிடுவதில்லை.

நெடுங்கேணிக் கமக்காரனுக்கு உச்சியிலிருப்பவர் பெயர் தெரிந்திருக்கவும் வேண்டுவதில்லை. முறைப்பாட்டுப் புத்தகத்தை விரித்து எதிரே இருப்பவர் தன் சொல்லை விளங்கிக்கொள்கின்றாரா என்பதே அவன் கவலை. 1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. தமிழ்மொழி விசேட ஏற்பாட்டுச் சட்டம் 1958இல் வந்தது. அதற்கான ஒழுங்குவிதிகள் வருவதற்கு 1966 ஆயிற்று. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் கூறியது. சட்டப் புத்தகம் இவ்வாறு திருந்திவர, நிலையத்திலே தமிழிற் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டு, விளங்காத தாளிலே ஒப்பம் வாங்கப்படும் வழக்கம் பல இடங்களிலே நீடித்தது. விதானையார் பக்கச்சார்புடையவராயிருந்தார், ஆனால் சொன்னது அவருக்கு விளங்கிற்று. வந்த உத்தியோகத்தர் பக்கச்சார்பற்றவராகவே இருந்தாலும், பலர்க்குச் சொன்னது விளங்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் இடமாற்றம் பெறுபவர்க்கு விளங்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

பின்னர் வந்தது போர். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்துக்குப் பின் வன்னியின் பெரும்பகுதியில் அரசாங்கப் பொலிசின் ஆட்சி நடக்கவில்லை. தமிழீழ விடுதலைப் புலிகள் தமக்கென ஒரு பொலிஸ் அமைப்பை ஏற்படுத்தினர். அதன் பொறுப்பாளராயிருந்த பா. நடேசன் முன்னர் இலங்கைப் பொலிசிலே கான்ஸ்டபிளாகப் பணியாற்றியவர். அவர் 2007ஆம் ஆண்டில் அவ்வியக்கத்தின் அரசியற்பிரிவுப் பொறுப்பாளராகி, 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் உயிரிழந்தார். அந்த அமைப்பிலே முறைப்பாடு தமிழிலே எழுதப்பட்டது. அதனை நடத்தியவர்களை நியமித்ததும் உயர்த்தியதும் மக்களல்லர், ஆயுதந்தாங்கிய ஓர் இயக்கமே. அதனோடு முரண்பட்டவனுக்கு முறையிட வேறிடம் இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நெடுங்கேணி கைமாறிக்கொண்டே இருந்தது. 1997ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கிய 'ஜயசிக்குறு' நடவடிக்கையிலே அவ்வாண்டிலேயே இராணுவத்திடம் சென்றது. 1999ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் புலிகளிடம் சென்றது. இறுதிப் போரிலே மறுபடியும் இராணுவத்திடம் வந்தது. மக்கள் மூட்டையோடு காடேறினர். இவ்வளவுக்கும் நடுவிலே வன்னியெங்கும் ஒரு பதவி மட்டும் அறுபடவில்லை. கச்சேரியிலே சம்பளம் பெற்றுக்கொண்டு, எவர் ஆட்சியாயினும் குடும்பப் பதிவேட்டைக் காத்து, எக்குடும்பம் எந்த மரத்தின் கீழ் இருக்கின்றதெனத் தேடி, உலருணவு நிவாரணத்துக்கு உறுதி எழுதிக் கொடுத்தவர் கிராம அலுவலரே. அவர் கையிலே பிரம்பும் இல்லை, துவக்கும் இல்லை. அந்த ஆண்டுகளைப் பற்றி நூல்கள் பல வந்துவிட்டன. இந்த அலுவலர்களைப் பற்றி எழுதியோர் மிகக் குறைவு.

போர் முடிந்தபின், 2011ஆம் ஆண்டில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு தமிழிலே கருமமாற்றவல்ல உத்தியோகத்தர் பொலிஸ் நிலையங்களில் இருத்தல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. பொலிஸ் பதவியுயர்வையும் ஒழுக்காற்று விடயத்தையும் அரசியலாரின் கையிலிருந்து விலக்கும் நோக்கத்தோடு 2001ஆம் ஆண்டின் பதினேழாவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு இடம் வகுத்தது; அதன் அதிகாரம் பின்வந்த திருத்தங்களாற் கூடியும் குறைந்தும் வந்துள்ளது. பதின்மூன்றாவது திருத்தத்திலே சொல்லப்பட்ட மாகாணப் பொலிஸ் அமைப்போ இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அது வேண்டுமா, வேண்டாமா என்பதில் அரசியலார்க்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. வன்னியின் அனுபவத்தை நோக்குபவன் வேறு சில வினாக்களையும் கேட்பான். இந்த மாகாணத்துப் பிள்ளைகள் அச்சேவையிலே சேர்கின்றனரா? சேர்ந்தவர் பொறுப்பதிகாரி நாற்காலி வரை ஏற வழி உண்டா? ஏறியவர் பதவியுயர்வுக்காக எவர் முகத்தைப் பார்க்கின்றார்? பாடசாலையிலே நற்சான்றிதழ் கேட்டு வரும் இளைஞரில் ஆசிரியத் தொழிலுக்கும் எழுதுவினைஞர் வேலைக்கும் விண்ணப்பிப்போர் பலர். பொலிசுக்கு விண்ணப்பிப்போரை விரல்விட்டு எண்ணலாம். பெற்றோரின் அச்சம் அதற்கு ஒரு காரணம். அந்த அச்சத்தைக் காரணமற்றதென்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை.

ஆனால் விண்ணப்பிக்க முன்வரும் ஒருசிலரும், நிலையத்துக்குச் செல்லுமுன், ஊரிலே ஒருவரைக் கண்டேயாகவேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைக் கோவையும், பொலிஸ் கடமைக்கென எழுத்தில் நியமிக்கப்பட்ட கிராம அலுவலரைச் சமாதான உத்தியோகத்தர் வரிசையிலேயே வைத்திருக்கின்றது. பொலிசிலே சேர விரும்பும் இளைஞன் இன்ன ஊரான், இன்னாருடைய மகன், நன்னடத்தை உடையவன் என்று முதலிலே எழுதிக் கொடுப்பவர் அவரே. அந்தச் சான்றிதழைப் பெற்று வரும்படி மகனை அனுப்பும் தாய், "விதானையாரிட்டைத் துண்டு வாங்கிக்கொண்டு வா" என்கின்றாள்.